கடற்கரைக்குக் களை எங்கிருந்து வருகிறது?

கடற்கரை என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் நினைவு வருவது எது? அலையா? நிலாவா? இரண்டும் இல்லை. சுண்டல்! அதற்கு அடுத்தபடி மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்ப் பத்தை. பலூன் சுடும் துப்பாக்கி. குதிரைச் சவாரி. அப்புறம்தான் கடல்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உலகம் முழுவதும் அப்படித்தான். கடல் எங்கும் ஒரே உப்புத் தண்ணீர்தான். அதைப் பார்க்கப் போனவரைக் கரையிலேயே நான்கு மணி நேரம் உட்கார வைப்பது, மனிதர்கள் செய்கிற வேடிக்கை.

மாமல்லபுரத்துக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் வருகிறார்கள். கற்கோயிலைப் பார்க்கிறார்கள். ரதங்களைப் பார்க்கிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு குடும்பம் குடும்பமாக மணலுக்கு வந்துவிடுகிறார்கள். அங்கேதான் பொழுது போகிறது. அந்தக் கரைக்குக் களை கொடுப்பவர்கள் யார், அவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

அதற்கு முன் கொஞ்சம் குளிர் நாட்டுக்குப் போய் வருவோம். கடல் ஜில்லென்று கிடக்கும் ஊரில் கடற்கரை எப்படிக் கலகலக்கிறது என்று பார்த்தால், நமக்குச் சில சங்கதிகள் விளங்கும்.

நடுங்கிக்கொண்டே உல்லாசம்!

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் பிளாக்பூல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே நடுக் கோடையிலும் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நம்முடைய மார்கழி இரவுக் குளிர்தான் அவர்களுடைய கோடைக்காலப் பகல்! காற்று சுழற்றி அடிக்கும். எந்த நேரத்தில் மழை வரும் என்று சொல்ல முடியாது. தண்ணீரில் காலை வைத்தால் பல் கிட்டிக்கொள்ளும்.

அந்த ஊருக்குத்தான் ஒரு காலத்தில் ரெயில் ரெயிலாக ஜனங்கள் போனார்கள். போனவர்கள் பிரபுக்கள் அல்ல. லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்கள். நம் நாட்டுக் கைத்தறி நெசவாளர் வயிற்றில் அடித்த அதே லங்காஷயர் ஆலைகள்தான்! முதலாளிகள் செய்த பாவம் தொழிலாளியைச் சேராது. அவர்களும் புகையிலும் பஞ்சுத் தூசியிலும் வெந்தவர்கள்தான்.

ஆண்டுக்கு ஒரு வாரம் ஆலையை மூடி இயந்திரங்களைப் பழுது பார்ப்பார்கள். ஓர் ஊருக்கு ஒரு வாரம், அடுத்த ஊருக்கு மற்றொரு வாரம். அந்த வாரத்தில் ஊரே காலியாகி பிளாக்பூலுக்குப் புறப்பட்டுவிடும். வருஷம் முழுவதும் சீட்டுப் போடுவது போலக் காசு சேர்த்து வைத்து, அந்த ஒரு வாரத்தில் செலவு செய்வார்கள். 1846-ல் ரெயில் பாதை வந்தது. 1863-ல் கடலுக்குள் நீண்ட நடைமேடை ஒன்றைக் கட்டினார்கள். அலைக்கு மேலே காற்று வாங்கியபடி நடக்கலாம். 1894-ல் 158 மீட்டர் உயரத்துக்கு ஓர் இரும்புக் கோபுரத்தை எழுப்பினார்கள்.

இன்னொரு தந்திரமும் செய்தார்கள். கோடை முடிந்ததும் குளிர் வந்துவிடும், கூட்டம் போய்விடும், கடைக்காரர் பிழைப்பு படுத்துவிடும். என்ன செய்வது? 1879-ல் 8 மின்விளக்குகளைக் கடற்கரையில் ஏற்றிக் காட்டினார்கள். மின்சார விளக்கே அதிசயமாக இருந்த காலம்! அதைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. இன்று இலையுதிர் காலம் தொடங்கியதும் மைல் கணக்கில் வண்ண விளக்குகள் எரிகின்றன. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிள்ளை குட்டிகளோடு பார்க்கப் போகிறார்கள்.

கழுதைக்கு லீவு

பிளாக்பூல் மணலில் குழந்தைகள் ஏறிச் சவாரி செய்வது குதிரை மேல் அல்ல, கழுதை மேல்! வரிசையாகக் கழுதைகள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நெற்றிப் பட்டையில் அந்தப் பெயரை எழுதிக் கட்டியிருப்பார்கள்.

அந்தக் கழுதைகளுக்குச் சட்டதிட்டம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 1942-ல் அந்த ஊரின் நகரசபை விதி வகுத்தது. பகலில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு ஓய்வு கொடுக்க வேண்டும். கனமான ஆட்களை ஏற்றக்கூடாது. வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, முழு லீவு! அன்று பிரபுவே வந்து கேட்டாலும் கழுதை கிடையாது.

இதைப் படித்துச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு ஒரு விநாடி யோசிக்க வேண்டும். கடற்கரையில் உழைக்கிற ஜீவனுக்கும் ஓய்வு வேண்டும், உரிமை வேண்டும் என்று ஒரு நகரசபை எண்ணிப் பார்த்து எழுதி வைத்திருக்கிறது. கழுதைக்கே இவ்வளவு என்றால், கடற்கரையில் உழைக்கும் மனிதருக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவோம்.

மணலின் மேல் பலகை

அமெரிக்காவின் கிழக்குக் கரையும் குளிர்ப் பிரதேசம்தான். அங்கே அட்லாண்டிக் சிட்டி என்ற ஊரில் ஒரு தொல்லை இருந்தது. கடலுக்குப் போய் வந்தவர்களின் செருப்போடு மணலும் வந்தது. ரெயில் பெட்டியிலும் மணல். ஓட்டல் விரிப்பிலும் மணல்! ஒரு ரெயில்வே நடத்துநரும் ஓர் ஓட்டல்காரரும் சேர்ந்து யோசனை சொன்னார்கள். 1870-ல் மணலின் மேல் மரப்பலகைகளை வரிசையாகப் பரப்பிப் பாதை போட்டார்கள். குளிர்காலம் வந்தால் பலகைகளைக் கழற்றி எடுத்து வைத்துவிடுவார்கள். புயலில் போகாது அல்லவா?

மணலைத் தட்டப் போட்ட பலகைதான் பிறகு பெரிய திருவிழாத் தெருவாகிவிட்டது. பாதை ஓரத்தில் மிட்டாய்க் கடை வந்தது. பாட்டுக்காரர் வந்தார். வித்தைக்காரர் வந்தார். மற்ற ஊர்களும் பார்த்துப் போட்டுக்கொண்டன.

நியூயார்க் நகரத்துக் கோனி தீவில் 1923-ல் இப்படி ஒரு மரப்பாதை திறந்தார்கள். 1983 முதல் அங்கே ஆண்டுக்கு ஒரு நாள் கடற்கன்னி ஊர்வலம் நடக்கிறது. பெரியவர், சிறியவர், ஆண், பெண் எல்லாரும் மீன் வாலும் செதிலும் ஒட்டிக்கொண்டு வேஷம் கட்டி வருகிறார்கள். கிழவர்களும் கடற்கன்னிகள்தான்! அதே ஊரில் 1903-லேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினர் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று: குளிர்காலத்தில் கடலில் குளிக்க வேண்டும்! ஜனவரி 1-ந் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் கூச்சலோடு பனித் தண்ணீரில் பாய்கிறார்கள். பித்துக்குளித்தனம் என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கோ அதுதான் புத்தாண்டு.

இந்த ஊர்களில் வெயிலும் இல்லை; வெதுவெதுப்பான தண்ணீரும் இல்லை. இருந்தும் கரை கலகலக்கிறது. கழுதைக்காரரும் பொம்மலாட்டக்காரரும் மிட்டாய்க்காரரும் வேஷக்காரரும் இருப்பதால் கலகலக்கிறது. அவர்களை எடுத்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரும் காலியான மணலும்தான் மிச்சம்.

கல்லிலே ஒரு தமாஷ்

இனி நம் ஊருக்கு வருவோம்.

மாமல்லபுரத்தில் வேடிக்கைக்குக் குறைவே கிடையாது. அது இன்று நேற்று வந்ததும் அல்ல. 1300 ஆண்டுகளுக்கு முன் பாறையில் அருச்சுனன் தபசைச் செதுக்கிய சிற்பி என்ன செய்திருக்கிறான், பாருங்கள். தேவர்கள், முனிவர்கள், நாகர்கள், யானைக் கூட்டம் எல்லாம் பக்தியோடு நிற்கின்றன. கீழே யானையின் அருகே ஒரு பூனை! பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களை மேலே தூக்கி, முனிவரைப் போலவே தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். போலிச் சாமியாரைக் கேலி செய்து கல்லில் வெட்டிய தமாஷ் அது. அருகிலேயே ஒரு குரங்குக் குடும்பம்: ஒன்று மற்றொன்றுக்குப் பேன் பார்க்கிறது!

அந்தப் பல்லவ வம்சத்து மகேந்திரவர்மன் கோயில் குடைந்ததோடு நிற்கவில்லை. கள் குடித்த சாமியார் ஒருவர் தம் கபாலத்தைத் தொலைத்துவிட்டுத் தெருத் தெருவாகச் சண்டை போடும் நகைச்சுவை நாடகமும் எழுதினான். ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்பது அதன் பெயர். சிரிக்கத் தெரிந்த அரச பரம்பரை!

சற்று அப்பால் சரிவான பாறையில் ‘வெண்ணெய் உருண்டை’ நிற்கிறது. 250 டன் எடை இருக்கும் என்கிறார்கள். உருண்டு விழுந்துவிடுவது போல நிற்கிறது. விழவில்லை. 1908-ல் சென்னை கவர்னராக இருந்த லாலி, ஆபத்து என்று பயந்து 7 யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார், அது அசையவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். இன்று அதன் அடியில் போய் இரு கையாலும் தாங்கிப் பிடிப்பது போலப் படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் திரும்புவது இல்லை. 5 வயதுக் குழந்தையும் பீமன். 80 வயதுப் பாட்டியும் பீமன். பக்கத்துப் பாறைச் சரிவில் குழந்தைகள் சறுக்கிச் சறுக்கிக் கல்லே வழவழப்பாகிவிட்டது.

பனிக்காலக் கூட்டம்

நம் பக்கத்தில் கடும் குளிர் ஏது? மார்கழி, தை, மாசி என்று பனி பெய்யும் மாதங்கள்தான் நமக்குக் குளிர். வேடிக்கை என்னவென்றால், மாமல்லபுரம் கரைக்குக் களை வருவதும் அந்த மாதங்களில்தான்.

மார்கழி பிறந்தால் கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர்கள் வருகிறார்கள். மேல்மருவத்தூருக்குப் போகும் செவ்வாடைப் பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். மணல் முழுவதும் சிவப்பாகிவிடும். குளிருக்குப் பயந்து தங்கள் நாட்டிலிருந்து ஓடி வந்த வெள்ளைக்காரர்கள் அரைக்கால் சட்டையோடு திரிகிறார்கள். நாமோ காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு அவர்களைப் பார்க்கிறோம்! சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழா அந்த நாட்களில்தான். தை மாதம் காணும் பொங்கல் அன்று கட்டுச்சோற்று மூட்டையோடு வருகிற கூட்டத்துக்குக் கணக்கே இல்லை.

இந்தக் கூட்டத்துக்கு ஈடு கொடுக்கிறவர்கள் எத்தனை பேர்! சிப்பியிலும் சங்கிலும் கண்ணாடிச் சட்டமும் திரைச்சீலையும் செய்து விற்பவர். குதிரைக்காரர். மீன் வறுப்பவர். தெரு ஓரத்தில் உட்கார்ந்து ‘டக்... டக்...’ என்று உளியால் பிள்ளையாரைச் செதுக்குகிறவர். மாமல்லபுரத்துக் கல் சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957 முதல் அங்கே சிற்பக் கல்லூரி இருக்கிறது. கல்லூரியில் படித்தவரும் உண்டு. அப்பன் கையைப் பார்த்தே கற்றவரும் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் யானையைச் செதுக்கி, நாம் பேரம் பேசும் விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அலையின் மேல் ஏறி விளையாடும் பிள்ளைகளும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். ஒரு பலகையின் மேல் நின்று அலையோடு சறுக்கி வருவது அலைச்சறுக்கு. ‘சர்ஃபிங்’ என்கிறார்கள். வடக்கே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் இதற்குப் பள்ளிக்கூடமே தொடங்கினார். கட்டுமரத்தில் நின்று பழகிய பிள்ளைகளுக்குப் பலகை ஒரு பெரிய விஷயமா? 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியும் அங்கேயே நடந்தது. கர்நாடகத்து ரமேஷ் புதிகால் அதில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது.

மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துச் சிறுமி கமலி, கவுன் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு சக்கரப்பலகையில் பாய்ந்து வந்த படம் உலகத்தையே சுற்றி வந்தது. அவளையும் அவள் தாயையும் பற்றி எடுத்த குறும்படம் 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையாயிற்று. தாய் தைரியசாலி. நாலு பேர் நாலு விதமாகப் பேசினாலும் மகளைப் பலகையிலிருந்து இறக்கவில்லை.

மாசி நிலவில் ஒரு ஊர்

மாமல்லபுரத்தில் எல்லாவற்றையும்விட அபூர்வமான காட்சி ஒன்று உண்டு. அது மாசி மகத்தன்று.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று பல ஜில்லாக்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் வருகின்றன. பானை, சட்டி, கோழி, குழந்தை எல்லாம் கூடவே வரும். மணலில் நான்கு கழி நடுவார்கள். மேலே பழைய சேலையோ தார்ப்பாயோ கட்டுவார்கள். வீடு தயார்! காலையில் வெறும் மணலாகக் கிடந்த இடம் மாலையில் ஒரு ஊராகிவிடும். மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டுகிறார்கள். வளையல் கடையும் பொம்மைக் கடையும் முளைக்கின்றன. வெவ்வேறு ஊரில் வேலைக்குப் போய்ச் சிதறிக் கிடக்கும் அண்ணன், தம்பி, அத்தை, மாமன் எல்லாரும் ஆண்டில் ஒரு முறை முகம் பார்த்துக்கொள்வது அங்கேதான்.

அவர்களுடைய தெய்வம் கன்னியம்மன். அம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாளாம். ‘தாயே, வீட்டுக்கு வா’ என்று கெஞ்சி அழைத்துப் போக ஜனங்கள் வருகிறார்கள். பிறந்த வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போன பெண்ணை அழைத்துவரப் போவது போல! தெய்வத்தை இவ்வளவு நெருக்கமாக வைத்துக்கொள்ள எத்தனை பேருக்குத் தெரியும்?

விடியற்காலையில் ஈர மணலைக் குவித்து 7 படி கட்டுகிறார்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பூ வைத்துக் கடலைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். சாமி வந்து ஆடுகிறவர் குறி சொல்கிறார். அந்த மணற்படியின் முன்னேயே தாலி கட்டுகிறார்கள். குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்துகிறார்கள். அடுத்த ஆண்டுக் கல்யாணத்துக்கு இந்த ஆண்டே பெண் பார்த்துப் பேசி முடிக்கிறார்கள். மண்டபம் இல்லை, மேளக் கச்சேரி இல்லை, கடன் இல்லை! சூரியன் ஏறுவதற்குள் அலை வந்து படிகளைக் கரைத்துவிடும். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள்.

இருளர் யார் என்று நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பாம்பு பிடிப்பதில் அவர்களுக்கு ஈடு உலகத்தில் இல்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நாகம், விரியன் பாம்புகளைப் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. வயலில் பாம்பு கடித்த விவசாயி உயிர் பிழைத்தால், அதில் ஓர் இருளரின் கையும் இருக்கலாம். செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவர் 2017-ல் அமெரிக்காவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. ஒருவர் பெயரிலேயே மாசி!

விருந்தாளி வந்தால்...

இப்போது அந்தக் கழுதைக் கேள்விக்கு வருவோம்.

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். ஊரே பளபளப்பாயிற்று. சாலை புதிதாயிற்று. விளக்கு எரிந்தது. இரு தலைவர்களும் வெண்ணெய் உருண்டையின் முன் கை கோத்து நின்ற படத்தை உலகம் பார்த்தது. நமக்கெல்லாம் பெருமைதான்.

அந்தப் படத்தில் சங்கு மாலை விற்கும் அம்மாள் இல்லை. இளநீர்க்காரர் இல்லை. விருந்தாளி வருவதற்கு முன்பே சிறு கடைகளை அப்புறப்படுத்திவிட்டார்கள். பாதுகாப்புக்காக நாலு நாள் ஒதுங்கச் சொல்வதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால், சிறு வியாபாரியைக் குப்பையோடு குப்பையாக எண்ணுவது சரியா? ‘சுத்தம் செய்கிறோம்’ என்று சொல்லும்போது, மனிதரையும் சேர்த்தா கூட்டுவது?

இன்னொரு சம்பவம். 2021-ல் அந்த ஊர்க் கோயில் ஒன்றின் அன்னதானப் பந்தியில் உட்கார வந்த நரிக்குறவப் பெண் ஒருவரை எழுப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் மனம் நொந்து பேசிய காட்சியை நாடே பார்த்தது. அறநிலையத் துறை அமைச்சர் நேரில் வந்து, அதே பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். தீபாவளியன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர்களுக்கும் இருளர்களுக்கும் பட்டாவும் ஜாதிச் சான்றிதழும் கொடுத்தார். 2022 டிசம்பரில் நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

நல்லது. ஆனால் நாம் என்ன செய்தோம்? பாசிமணி மாலையை அவர்கள் கையிலிருந்து வாங்கிக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மட்டும் நகர்ந்து உட்காருகிறோம். இந்த நோய்க்கு மசோதா மருந்து ஆகாது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தெரு வியாபாரிகளைக் காப்பாற்ற 2014-ல் மத்திய அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. படிக்கத் தெரிந்தவர்கள் படிக்காதவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

தெரு வியாபாரிகளை முதலில் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் விரட்டக்கூடாது. பிறகு இடம் மாற்ற வேண்டுமானாலும் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதை முடிவு செய்யும் குழுவில் நூற்றுக்கு 40 பேராவது தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 50 ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இடமானால், அதைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, அங்கே இருப்பவர்களை இடம் மாற்றாமல் விட வேண்டும்.

கழுதைக்கு எழுதி வைத்த விதியை பிளாக்பூல் காப்பாற்றுகிறது. மனிதருக்கு எழுதி வைத்த சட்டம் நம்மிடம் இருக்கிறது. அது அதிகாரி மேஜைமேல் கிடந்தால் போதுமா? கரைக்கு வர வேண்டாமா?

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. வருகிறவரை வழி மறித்து, கையைப் பிடித்து, ‘வாங்கினால்தான் ஆச்சு’ என்று வற்புறுத்தினால் அடுத்த முறை அவர் வரமாட்டார். இளநீர் மட்டையையும் பிளாஸ்டிக் உறையையும் மணலில் போடுவது நாம் உட்காரும் கிளையை நாமே வெட்டுவது. குதிரைக்கும் வெயிலில் தாகம் எடுக்கும்.

மரப்பாதை போடலாம்

நம் ராஜ்யத்திலும் மணல்மேல் மரப்பாதை உண்டு. சென்னை மெரினாவில் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் கடலைக் கிட்டப் போய்ப் பார்க்கட்டும் என்று 263 மீட்டர் நீளத்துக்குப் பலகைப் பாதை போட்டார்கள். 2022 நவம்பர் 27-ந் தேதி திறந்தார்கள். வாழ்நாளில் முதல் முறையாக அலையில் கால் நனைத்தவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டஸ் புயல் வந்தது. அது கரையைக் கடந்ததே மாமல்லபுரத்தின் அருகில்தான்! மெரினாப் பாதையின் முனையை அலை பிய்த்துவிட்டது. பிறகு செப்பனிட்டார்கள்.

அதற்காகப் பாதை போட்டதே வீண் என்று சிலர் பேசினார்கள். அது தவறு. 1870-ல் அமெரிக்காவில் செய்ததைப் பார்த்தோமே! புயல் மாதத்தில் கழற்றி வைக்கும் பலகையாகப் போட்டால் என்ன? மாமல்லபுரத்திலும் அப்படி ஒரு பாதை வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கழற்றி அடுக்கிவிடலாம். மார்கழியில் கூட்டம் வரும்போது மறுபடி விரிக்கலாம். கண் தெரியாதவர், நடக்க முடியாத தாத்தா, தள்ளுவண்டிக் குழந்தை எல்லாரும் கடல் வரை போகலாம். பாதை ஓரத்தில் சிறு வியாபாரிக்கு நிழலோடு இடம் ஒதுக்கலாம். கடற்கோயிலை மறைக்காமல், தொல்லியல் துறையின் விதி மீறாமல், எங்கே போடலாம் என்பதைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். சிமெண்டால் கட்டினால் மட்டும் கடல் விட்டுவிடாது. கடற்கோயிலைக் காப்பாற்றவே அலைக்கு எதிரே பாறாங்கற்களைக் கொட்ட வேண்டியிருக்கிறது.

கடல் விளையாட்டு அல்ல

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. மாமல்லபுரம் கடலில் குளிக்கப் போய்ப் பிணமாகத் திரும்பிய இளைஞர்களைப் பற்றி அடிக்கடி செய்தி போட வேண்டியிருக்கிறது. எழுதும்போது கை நடுங்குகிறது.

கரைக்கு வந்த தண்ணீர் ஒடுக்கமான வழியாகக் கடலுக்குத் திரும்பும்போது ஆளையும் இழுத்துப் போகும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப் போவார். கரைக்குப் பக்கவாட்டில் நீந்தினால் அந்த இழுப்பிலிருந்து வெளியே வரலாம். இங்கிலாந்துக் கரைகளில் சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளை நடுகிறார்கள். அவற்றுக்கு நடுவில் மட்டும்தான் உயிர்காப்பாளரின் கண் பார்க்கக் குளிக்க வேண்டும். நம் கரையிலும் இந்தக் கொடி முறை வேண்டும். உயிர்காப்பாளர் வேலைக்கு ஆள் தேடி எங்கும் போக வேண்டாம். அலையைத் தாய்மொழி போலப் படிக்கத் தெரிந்த மீனவப் பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் போட்டுக் கொடுங்கள்.

மாசி மகத்து நாட்களில் இருளர் கூடாரம் போடும் மணலில் குடிதண்ணீர், விளக்கு, பெண்களுக்குக் கழிப்பிடம், ஒரு வைத்தியர் ஆகிய நான்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதைச் சலுகையாக எண்ணக்கூடாது. வேடிக்கை பார்க்கப் போகிற நாமும், கல்யாணம் நடக்கும் வீட்டுக்குள் காமிராவை நீட்டுவது போல அந்தக் கூடாரங்களுக்குள் நீட்டாமல் இருக்க வேண்டும்.

2014-ம் ஆண்டுச் சட்டப்படி 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்தாக வேண்டும். ஒரே இடத்தில் கடை போட்டவர் மட்டும் வியாபாரி அல்ல. நடந்து திரிந்து விற்பவரும் வியாபாரிதான் என்று அதே சட்டம் சொல்கிறது. கணக்கெடுக்க வருகிற அதிகாரிகள் சாலை ஓரத்துக் கடைகளோடு திரும்பிவிடாமல் மணலில் இறங்கி நடக்கட்டும். சுண்டல் தூக்கைத் தோளில் சுமப்பவர், பாசிமணியைக் கையில் தொங்கவிட்டுத் திரிபவர், குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பையனின் தகப்பனார் எல்லாருடைய பெயரும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும்.